டேலி 21 வருஷம் சிகாகோ மேயராக இருந்தது கள்ள ஓட்டாலா?

கேள்வி, ஜனவரி 4

ரிச்சர்ட் ஜே. டேலி 1955-இல் சிகாகோ மேயர் ஆனார், 1976-இல் பதவியிலேயே இறந்தார். ஆறு தேர்தல், ஆறிலும் வெற்றி. இது முழுக்க முழுக்கக் கள்ள ஓட்டு என்பது என் வாதம். 1960 ஜனாதிபதித் தேர்தலில் கென்னடியையே அப்படி ஜெயிக்க வைத்தவர் தனக்குப் போட்டுக்கொள்ள மாட்டாரா? மறுப்பவர்கள் கணக்கோடு வாருங்கள்.

ஜனவரி 4, இரவு

கணக்கோடே வருகிறேன். 1955 ஏப்ரல் தேர்தலில் டேலிக்கும் குடியரசுக் கட்சியின் ராபர்ட் மெரியமுக்கும் இடையே சுமார் 1,27,000 ஓட்டு வித்தியாசம். அதற்கு முன் கட்சிக்குள் நடந்த பிரைமரியில், பதவியில் இருந்த மேயர் மார்ட்டின் கென்னலியையே ஒரு லட்சத்துக்கு மேல் பின்னுக்குத் தள்ளியிருந்தார். 1975-இல் மொத்த ஓட்டில் நான்கில் மூன்று பங்குக்கும் மேல் அவருக்கு. சிகாகோவில் கள்ள ஓட்டு விழுந்தது உண்மை, அதை நான் மறுக்கவில்லை. ஆனால் அது விளிம்பில் நடந்த வேலை. சில ஆயிரம் ஓட்டில் தொங்கும் தேர்தலை அதனால் திருப்பலாம். 21 வருஷத்தை அதனால் நிரப்ப முடியாது.

அவரைத் தாங்கியவை இரண்டு நாற்காலிகள். 1953 முதல் அவர் குக் கவுண்ட்டி (சிகாகோ அடங்கிய மாவட்டம்) ஜனநாயகக் கட்சிக் குழுவின் தலைவர். 1955 முதல் மேயரும் அவரே. ஜெயித்தால் கட்சிப் பதவியை விட்டுவிடுவேன் என்று பிரசாரத்தில் சொன்னார். விடவில்லை, சாகும் நாள்வரை. மற்றதெல்லாம் இதிலிருந்து கிளைத்தவை.

ஏன் இரண்டும் வேண்டும் என்றால், சட்டப்படி சிகாகோ மேயர் பலவீனமானவர். அதிகாரம் நகர மன்றத்திடம் இருந்தது. 50 வார்டு, வார்டுக்கு ஒரு ஆல்டர்மேன். பட்ஜெட் போடுவது, ஒப்பந்தம் பார்ப்பது, கட்டட அனுமதி, எந்த நிலத்தில் எதைக் கட்டலாம் என்ற மண்டல மாற்றம் எல்லாம் அவர்கள் கையில். கென்னலி எட்டு வருஷம் மேயராக இருந்தும் அவரைச் சுற்றித்தான் வியாபாரம் நடந்தது.

ஜனவரி 5

பதவியேற்ற கையோடு டேலி என்னென்ன பிடுங்கினார் என்பதைப் பார்த்தால் அவர் போன பாதை தெரியும்.

முதலில் பட்ஜெட். அதுவரை மன்றத்தின் நிதிக் குழுதான் தயாரிக்கும். அதை மேயர் அலுவலகத்துக்குக் கொண்டுவந்தார். மன்றம் இனிமேல் ஓட்டு மட்டும் போடும். அடுத்தது ஒப்பந்தம். 2,500 டாலருக்கு மேற்பட்ட எந்த ஒப்பந்தத்துக்கும் மன்றத்தின் சம்மதம் தேவை என்ற விதி போனது.

மூன்றாவது மிகச் சின்ன விஷயம், எனக்கு அதுதான் முக்கியம். நடைபாதையை வெட்டி வாசலுக்கு வண்டி ஏறும் சரிவு போட அனுமதி வேண்டும். ஒரு பெட்ரோல் பங்க் கட்டுகிறவருக்கு அந்தச் சரிவு இல்லாவிட்டால் தொழிலே இல்லை. அனுமதி கொடுப்பவர் அந்த வார்டு ஆல்டர்மேன், அதற்கு அவர் வாங்கும் தொகை ஊரறிந்த ரகசியம். டேலி அந்த அதிகாரத்தை ஆல்டர்மேன்களிடமிருந்து எடுத்துவிட்டார். ஊழலை ஒழித்ததாகப் பத்திரிகைகள் பாராட்டின. ஆல்டர்மேனுக்குச் சொந்த வருமானம் இருந்தால் அவருக்குச் சொந்தக் குரலும் இருக்கும். டேலி அடைத்தது அந்த வாயை.

1955 வெற்றியன்று 43-ஆம் வார்டு ஆல்டர்மேன், மதுக்கடைக்காரர் பேடி பாவ்லர், 'சிகாகோ இன்னும் சீர்திருத்தத்துக்குத் தயாராகவில்லை' என்று ஆடினாரே, அந்த வரியை எல்லோரும் மேற்கோள் காட்டுவார்கள். ஆனால் அவரைப் போன்ற குட்டி ராஜாக்களின் காலத்தை முடித்து வைத்தவர் அன்று ஜெயித்த டேலியேதான்.

ஜனவரி 5, பின்னிரவு

'மெஷின், மெஷின் என்கிறீர்களே, அது எப்படி ஓடும்' என்று கேட்டிருக்கிறார் ஒருவர். மெஷின் என்றால் உதவியும் வேலையும் கொடுத்து ஓட்டுத் திரட்டும் டேலியின் கட்சி அமைப்பு. டேலி காலத்தில் அது ஓடிய விதத்தை அடிமட்டத்திலிருந்து சொல்கிறேன்.

வார்டு பல பிரிசிங்டுகளாகப் பிரிந்திருக்கும். ஒரு வாக்குச்சாவடிக்குப் போகிற நாலைந்து தெருக்கள் ஒரு பிரிசிங்ட், ஓட்டர்கள் சில நூறு பேர். நகரம் முழுக்க 3,000-க்கு மேல். ஒவ்வொன்றுக்கும் ஒரு கேப்டன். அவர் பகலில் நகராட்சி ஊழியராகவோ, பூங்காத் துறையிலோ, கோர்ட்டிலோ இருப்பார். சாயங்காலமும் சனி ஞாயிறும் தெருவில்தான். யார் வீட்டில் குப்பைத் தொட்டி உடைந்தது, எந்த மரக்கிளை கம்பியில் உரசுகிறது, எந்த விளக்கு எரியவில்லை, யாருக்குச் சொத்துவரி நோட்டீஸ் தவறாக வந்தது, யார் அம்மாவுக்குக் கவுண்ட்டி ஆஸ்பத்திரியில் படுக்கை வேண்டும், எல்லாம் அவர் காதுக்கு வரும். அவர் வார்டு கமிட்டிமேனிடம், அதாவது அந்த வார்டின் கட்சித் தலைவரிடம், சொல்வார், வேலை நடக்கும். வரி கட்டும் குடிமகனுக்கு உரிமையாகவே கிடைக்க வேண்டியது, கேப்டனின் உதவியாக வாசலுக்கு வரும். அந்தக் கடன் தேர்தலன்று அடைக்கப்படும்.

பிரைமரியில் இன்னொரு பிடி. இல்லினாயில் பிரைமரி ஓட்டுப் போட வருபவர் எந்தக் கட்சிச் சீட்டு வேண்டும் என்று வாய்விட்டுக் கேட்க வேண்டும். ஓட்டு ரகசியம், கட்சி ரகசியமில்லை. கேப்டன் பக்கத்திலேயே உட்கார்ந்து குறித்துக்கொள்வார். மகனுக்கு நகராட்சி வேலை வாங்கியவர் குடியரசுக் கட்சிச் சீட்டைக் கேட்பாரா?

அந்தக் காலத்தில் தேர்தல் நாள் காலை 6 மணி முதல் சாயங்காலம் 6 மணி வரை. மதியம் பட்டியலைப் பார்த்து வராதவர் வீட்டுக்கு ஆள் அனுப்புவார்கள், 4 மணிக்கு மறுபடியும். ஓட்டு இயந்திரத்தில் ஒரே நெம்புகோலை இழுத்தால் மேலிருந்து கீழ்வரை கட்சிக்காரர்கள் அனைவருக்கும் ஓட்டு விழும். பேர் தெரியாத நீதிபதிகூட அப்படித்தான் ஜெயிப்பார்.

இதில் நான் மிகவும் கவனிக்கும் இடம், முன்கணிப்பு. கேப்டன் தேர்தலுக்கு முன்பே 'என் பிரிசிங்டில் இத்தனை நமக்கு, இத்தனை அவர்களுக்கு' என்று கமிட்டிமேனிடம் எண்ணிக்கை தர வேண்டும். கமிட்டிமேன் 50 பேரும் கூட்டித் தலைவரிடம் தருவார்கள். குறைந்தால் திட்டு. சொன்னதைவிட அதிகமாக வந்தாலும் திட்டுத்தான், ஏனென்றால் தன் தெருவை அவருக்குத் தெரியவில்லை என்று அர்த்தம். தேர்தலுக்கு முன்னாலேயே முடிவு டேலியின் சட்டைப்பையில் இருந்தது என்பார்கள். அது வீடுவீடாக எடுத்த கணக்கு.

ஜனவரி 6

கேள்வி கேட்டவர் 1960-க்கு வந்துவிட்டார். சுருக்கமாக.

இல்லினாயில் கென்னடி ஜெயித்தது 8,858 ஓட்டில். சிகாகோ நகரம் மட்டும் அவருக்குக் கொடுத்த முன்னிலை 4,56,312. இந்த இரண்டு எண்ணையும் பக்கத்தில் வைத்தால் யாருக்கும் சந்தேகம் வரும், நியாயம்தான். ஆனால் 'டேலிதான் ஜனாதிபதியை உண்டாக்கினார்' என்பது தவறு. ஜனாதிபதியை முடிவு செய்வது மாநிலங்களின் தேர்வாளர் ஓட்டு. இல்லினாயின் 27 தேர்வாளர் ஓட்டைக் கழித்தாலும் கென்னடிக்கு 276 மிச்சம். தேவை 269.

பிறகு நடந்த பகுதி மறு எண்ணிக்கையில் கென்னடியை எதிர்த்து நின்ற நிக்சனுக்குக் கூடியது ஆயிரத்துக்கும் சற்றுக் கீழே. பெரிதாகக் கூடியது பெஞ்சமின் அடமௌஸ்கிக்கு. அவர்தான் குக் கவுண்ட்டியின் அரசு வழக்கறிஞர், அதே தேர்தலில் அந்தப் பதவிக்கு மறுபடி நின்றவர், குடியரசுக் கட்சி, டேலியின் பழைய சகா, பிறகு ஜென்மப் பகையாளி. நகராட்சியைத் துருவிக்கொண்டிருந்தார். 1960 ஜனவரியில்தான் சம்மர்டேல் காவல் நிலையத்துப் போலீஸ்காரர்கள் எட்டுப் பேர் ஒரு திருடனோடு சேர்ந்து கடைகளைக் கொள்ளையடித்தது வெடித்திருந்தது. டேலி அவசரமாகக் கலிபோர்னியாவிலிருந்து பேராசிரியர் ஓ. டபிள்யூ. வில்சனைக் கூட்டிவந்து போலீஸ் தலைவராக்கினார். அந்த நேரத்தில் வழக்குப் போடும் அதிகாரம் எதிரியின் கையில். அந்த நவம்பரில் சிகாகோவில் யார் தோற்க வேண்டும் என்று மெஷின் தவித்தது என்று கேட்டால், என் பதில் அடமௌஸ்கி. நிக்சன் இரண்டாம்பட்சம்.

ஜனவரி 6, சேர்க்கை

'அப்போ கள்ள ஓட்டு எப்படிப் போட்டார்கள்' என்று கேட்டிருக்கிறீர்கள். காகிதச் சீட்டுக் காலத்துச் சங்கிலி முறை ஒன்று. ஒரு வெற்றுச் சீட்டு வெளியே வரும். அதில் குறியிட்டு ஓட்டரிடம் கொடுப்பார்கள். அவர் உள்ளே போய் அதைப் பெட்டியில் போட்டுவிட்டு, தனக்குத் தரப்பட்ட வெற்றுச் சீட்டை மடித்து வெளியே கொண்டுவருவார். அது அடுத்த ஆளுக்கு. மற்றொன்று 'நாலு கால் ஓட்டு': உதவி செய்வதாகச் சொல்லிக் கேப்டனும் திரைக்குள் நுழைவார், திரைக்குக் கீழே பார்த்தால் நாலு கால். இரண்டுக்குமே ஆள் பலம் நிறைய வேண்டும், அதனால்தான் விளிம்பு வேலை என்றேன்.

ஜனவரி 8

இந்த அமைப்பின் எரிபொருள் வேலை. நகராட்சி, கவுண்ட்டி, பூங்கா வாரியம் எல்லாம் சேர்த்து டேலியின் கட்சி கையில் இருந்த வேலைகள் 30,000 முதல் 40,000 வரை என்பது பொதுவான மதிப்பீடு. வேலை கேட்பவர் முதலில் தன் கேப்டனிடம், பிறகு வார்டு கமிட்டிமேனிடம் போய்ச் சிபாரிசுக் கடிதம் வாங்க வேண்டும். அது நகர மண்டபத்துக்குப் போகும். எந்த வார்டுக்கு எத்தனை வேலை என்பது அந்த வார்டு கொண்டுவந்த ஓட்டைப் பொறுத்தது. பட்டியலைக் கடைசியில் பார்ப்பவர் டேலி. மூன்று மில்லியனுக்கு மேல் ஜனம் உள்ள நகரத்தின் மேயர், ஒரு குழி வெட்டும் தொழிலாளியின் பெயரை நேரில் பார்த்து ஒப்புதல் தருவார்.

சிவில் சர்வீஸ் தேர்வு இருந்ததே என்பீர்கள். இருந்தது. 'தற்காலிக' ஊழியர் என்று 180 நாளுக்கு நியமிக்கலாம், தேர்வு வேண்டாம். 180 நாள் முடிந்தால் இன்னொரு 180 நாள். இப்படியே வருடக்கணக்கில் தற்காலிகமாக இருந்தவர்கள் உண்டு. நிரந்தரம் ஆகாத ஆளுக்குத்தான் தேர்தல் வந்தால் வயிறு கலங்கும்.

இதை உடைத்தது ஒரு வழக்கு. 1969-இல் இல்லினாய் அரசியலமைப்பு மாநாட்டுப் பிரதிநிதி தேர்தலில் சுயேச்சையாக நின்று தோற்ற வழக்கறிஞர் மைக்கேல் ஷாக்மன், 'மக்கள் வரிப்பணத்தில் சம்பளம் வாங்குகிறவர்கள் எனக்கு எதிராக வேலை செய்தார்கள்' என்று வழக்குப் போட்டார். 1972-இல் ஒப்பந்த ஆணை வந்தது: அரசியல் காரணத்துக்காக யாரையும் வேலையை விட்டு நீக்கக் கூடாது. எடுக்கும்போதும் அரசியல் பார்க்கக் கூடாது என்பது 1983-இல்தான் வந்தது. சிகாகோ நகராட்சி அந்த ஆணையின் மேற்பார்வையிலிருந்து விடுபட்டது 2014-இல். மனிதர் போய் 38 வருஷம் கழித்து!

ஜனவரி 9

ஆரம்ப வாழ்க்கை கேட்டவருக்கு. 1902 மே 15, பிரிட்ஜ்போர்ட். ஐரிஷ் கத்தோலிக்கத் தொழிலாளர் பேட்டை, மாட்டுத் தொட்டிகளின் (கறிக்காக மாடுகளை அடைத்து விற்கும் இடம்) நாற்றம் வீசும் தூரம். ஒரே பிள்ளை. தொட்டியில் குமாஸ்தா வேலை, டி பால் பல்கலைக்கழகத்தில் இரவு வகுப்பில் சட்டம். பத்து வருஷத்துக்கு மேல் ஆனது, விடவில்லை. கடைசிவரை வீடு அதே பேட்டையில், 3536 தெற்கு லோ அவென்யூ, ஒரு சாதாரணச் செங்கல் வீடு. ஏழு பிள்ளைகள். காலையில் பூசைக்குப் போகாமல் அலுவலகம் போக மாட்டார்.

அவர் முதலில் ஜெயித்தது குடியரசுக் கட்சி வேட்பாளராக என்பது பலருக்குத் தெரியாது. 1936-இல் மாநிலச் சட்டசபைத் தொகுதியின் குடியரசுக் கட்சி உறுப்பினர் டேவிட் ஷானஹன் தேர்தலுக்குச் சற்று முன் இறந்துவிட்டார். அன்றைய முறையில் தொகுதிக்கு மூன்று இடம், வழக்கமாக ஒரு இடம் அந்தத் தொகுதியில் பலம் குறைந்த கட்சிக்குப் போகும். சீட்டில் பெயர் அச்சாக நேரமில்லை. அந்தக் குடியரசுக் கட்சி இடத்துக்கு டேலியின் பெயரைக் கையால் எழுத வைத்தே ஜெயித்தார்கள். சபைக்குப் போனதும் ஜனநாயகக் கட்சிப் பக்கம் போய் உட்கார்ந்தார்.

இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். 1919 ஜூலை இனக் கலவரத்தில் 38 பேர் செத்தார்கள், 23 பேர் கறுப்பர்கள். பிரிட்ஜ்போர்ட்டின் ஹாம்பர்க் கிளப் பையன்கள் அதில் இறங்கியதாக விசாரணைக் குழு பெயர் குறிப்பிட்டது. டேலிக்கு அப்போது 17 வயது, அந்தக் கிளப்பின் உறுப்பினர். ஐந்து வருஷத்தில் அதன் தலைவர் ஆனார். அந்த நாட்களில் தான் எங்கே இருந்தார் என்று அவர் வாய் திறந்து சொன்னதே இல்லை.

ஜனவரி 11

'கட்டியதைச் சொல்லுங்கள்' என்ற ஆதங்கம் நியாயமானது. ஓ'ஹேர் விமான நிலையம் நகரத்துக்கு வெளியே, ஒட்டாத நிலத்தில் இருந்தது. 1956-இல் ஒல்லியான ஒரு சாலைப் பட்டையை நகரத்தோடு இணைத்து அதன் நுனியில் விமான நிலையத்தை மாட்டினார்கள். வரைபடத்தில் பார்த்தால் நூலில் கட்டிய பட்டம் மாதிரி இருக்கும். விரிவாக்கப் பணம் கடன் பத்திரத்தில் வந்தது, ஈடு விமான நிறுவனங்கள் தரும் கட்டணம். சொத்துவரிக்காரர் தலையில் விழவில்லை. 1963 மார்ச்சில் கென்னடி வந்து அர்ப்பணித்தார்.

மக்கார்மிக் பிளேஸ் 1960-இல் திறந்தது, 1967 ஜனவரியில் எரிந்தது, 1971-இல் மறுபடி நின்றது. சந்து முழுக்க விளக்கு, தெரு கழுவுதல். 1967-இல் நகர மையச் சதுக்கத்தில் பிக்காசோ சிலை. இல்லினாய் பல்கலைக்கழகத்துக்கு 1965-இல் நகருக்குள் வளாகம், ஆனால் அதற்காக ஹாரிசன்-ஹால்ஸ்டெட் இத்தாலியப் பேட்டையை இடித்தார். ஃபுளோரன்ஸ் ஸ்காலா என்ற பெண்மணி தலைமையில் வீட்டுப் பெண்கள் மேயர் அலுவலகத்திலேயே உட்கார்ந்து போராடிப் பார்த்தார்கள். நடக்கவில்லை.

டான் ரையன் நெடுஞ்சாலை 1962. கறுப்பர் பேட்டையையும் பிரிட்ஜ்போர்ட்டையும் பிரிக்க டேலியே தடத்தை மாற்றி வரைய வைத்தார்.

ஜனவரி 11, திருத்தம்

மேலே கடைசி வரியை நிரூபணமான உண்மை போல எழுதிவிட்டேன், தப்பு. பழைய திட்டத் தடம் மேற்கே பிரிட்ஜ்போர்ட்டை அறுத்துக்கொண்டு போயிருக்கும், கட்டிய தடம் கிழக்கே போகிறது. இவ்வளவு உறுதி. நோக்கம் இதுதான் என்பது சில வரலாற்றாசிரியர்களின் வாதம். ரயில் தடத்தை ஒட்டிப் போவதால் இடிப்பு குறையும் என்ற பொறியியல் காரணத்தைச் சொல்பவர்களும் இருக்கிறார்கள். விளைவு மட்டும் சந்தேகமில்லாமல் கண்முன் இருந்தது: 14 லேன் கான்கிரீட், ஒரு பக்கம் வெள்ளைப் பேட்டை, மறுபக்கம் ராபர்ட் டெய்லர் குடியிருப்பு.

ஜனவரி 12

ராபர்ட் டெய்லர் தனிக் குறிப்புக்கு உரியது. ஸ்டேட் தெருவை ஒட்டிச் சுமார் இரண்டு மைல், 16 மாடிக் கட்டடங்கள் 28. 1962-இல் முடிந்தது. உச்சத்தில் 27,000 பேர், அதில் 20,000 பேர் குழந்தைகள்.

அந்த விகிதத்தைக் கொஞ்சம் நிறுத்திப் பாருங்கள். எந்தச் சாதாரணத் தெருவிலும் பெரியவர்கள்தான் அதிகம், பிள்ளைகளை யாராவது அதட்டுவார்கள். இங்கே ஒரு பெரியவருக்கு மூன்று குழந்தை. லிஃப்ட்டில் விளையாடாமல் எங்கே விளையாடும்? லிஃப்ட் பழுதானால் 14-ஆம் மாடித் தாய் குழந்தையைக் கீழே அனுப்பிவிட்டு மேலிருந்து எப்படிக் கவனிப்பாள்? இந்தக் கட்டடங்கள் திறந்த சில வருஷத்திலேயே நொடித்ததற்கு இது பெரிய காரணம்.

டேலியின் பங்கு எது? அடுக்குமாடிதான் வேண்டும் என்று அவர் ஒற்றைக்காலில் நின்றதாகச் சொல்வது சரியில்லை. தாழ்ந்த கட்டடங்கள் கட்ட அதிகப் பணம் கேட்டு 1959-இல் வாஷிங்டனில் அவரே பேசியிருக்கிறார். மத்திய அரசின் வீட்டுச் செலவு உச்சவரம்பு இடம் கொடுக்கவில்லை. அவர் பங்கு இடத் தேர்வில். எந்த இடத்தில் கட்டினாலும் மன்றம் சம்மதிக்க வேண்டும். வெள்ளை வார்டு ஆல்டர்மேன் வேண்டாம் என்றால் அங்கே வராது. மற்ற எல்லா விஷயத்திலும் ஆல்டர்மேன்களின் வாயை அடைத்தவர், இந்த ஒன்றில் மட்டும் அவர்களைப் பேசவிட்டார். 1966-இல் தொடுத்த கோட்ரோ வழக்கில் 1969-இல் நீதிமன்றம் இது இனப் பாகுபாடு என்று தீர்ப்புச் சொன்னது.

ஜனவரி 14

மார்ட்டின் லூதர் கிங்கிடம் டேலி தோற்றாரா ஜெயித்தாரா என்று சண்டை ஓடுகிறது. நடந்ததைச் சொல்கிறேன்.

1966 ஜனவரியில் கிங், கறுப்பர்களுக்கு நகரெங்கும் வீடு கிடைக்க வேண்டும் என்று போராட, மேற்குச் சிகாகோவின் லான்டேலில் ஒரு பழைய அடுக்ககத்தில் குடியேறினார். தென் மாநிலங்களில் அவருக்கு எதிரே நின்றவர்கள் நாயையும் தண்ணீர்க் குழாயையும் ஏவினார்கள், நாடே பார்த்தது. டேலி அப்படிச் செய்யவில்லை. கைகுலுக்கினார். எலி ஒழிப்புத் திட்டம் அறிவித்தார், வீட்டு ஆய்வாளர்களை அனுப்பினார், 'உங்கள் குறிக்கோள்தான் எங்களுடையதும்' என்றார். எதிர்க்க முகம் கிடைக்காமல் போனது.

ஜூலை 10 அன்று கிங் சோல்ஜர் ஃபீல்டிலிருந்து நடந்துபோய் நகர மண்டபக் கதவில் கோரிக்கைகளை ஒட்டினார். இரண்டு நாளில் மேற்குப் பகுதியில் வெயிலுக்குக் குழந்தைகள் திறந்துவிட்ட தீயணைப்புக் குழாயைப் போலீஸ் மூடப்போய்க் கலவரம். அதற்கு டேலியின் தீர்வு: குழாய்களுக்குத் தெளிப்பான் மூடி, பத்து நகரும் நீச்சல் தொட்டி. வீடு கேட்டவர்களுக்குத் தண்ணீர்.

ஆகஸ்ட் 5 வெள்ளையர் பகுதியான மார்கெட் பார்க்கில் (Marquette Park) ஊர்வலம் போன கிங்கின் தலையில் கல் விழுந்தது. எறிந்தவர்கள் டேலியின் ஓட்டர்கள். அதற்குமேல் ஊர்வலம் தொடர்ந்தால் வெள்ளை வார்டுகள் கைநழுவும் என்று தெரிந்ததும் பேச்சுக்கு உட்கார்ந்தார். ஆகஸ்ட் 26 ஒப்பந்தத்தில் வாக்குறுதிகள் உண்டு, காலக்கெடு இல்லை. அந்தச் சுற்றில் டேலி ஜெயித்தார். விலை பிறகு வந்தது, அதை வேறு குறிப்பில் எழுதுகிறேன்.

ஜனவரி 15

1968. ஏப்ரல் 4 கிங் கொலை, மறுநாள் மேற்குச் சிகாகோ எரிந்தது, 11 பேர் இறந்தார்கள். ஏப்ரல் 15 அன்று பத்திரிகையாளர்களிடம் டேலி, தீ வைப்பவர்களைக் கொல்லச் சுட வேண்டும், கொள்ளையடிப்பவர்களை முடமாக்கச் சுட வேண்டும் என்று போலீஸ் தலைவருக்கு உத்தரவிட்டதாகச் சொன்னார். கிங்கைக் கைகுலுக்கி வென்ற அதே மனிதர்.

ஆகஸ்டில் ஜனநாயகக் கட்சியின் தேசிய மாநாடு அவர் வீட்டுக்குப் பக்கத்திலேயே, மாட்டுத் தொட்டி ஓரத்து அரங்கில். வழியிலிருந்த காலி மனைகள் தெரியாமல் மரவேலி அடித்தார்கள். போலீஸுக்கு 12 மணி நேர ஷிஃப்ட். வியட்நாம் போரை எதிர்த்துப் போராட வந்தவர்களுக்குப் பூங்காவில் இரவு தங்க அனுமதி மறுத்தார்கள். தங்க இடமில்லாத கூட்டம் 11 மணிக்கு எங்கே போகும்? தெருவுக்குத்தான். ஆகஸ்ட் 28 ஹில்டன் ஓட்டல் வாசலில் நடந்ததை டிவியில் உலகமே பார்த்தது. 'போலீஸ் கலவரம்' என்று பெயர் வைத்தது அதை விசாரித்த வாக்கர் அறிக்கை.

ஜனவரி 15, கொஞ்சம் இளைப்பாற

அந்த மாநாட்டுக்குப் பிறகுதான் அவருடைய புகழ்பெற்ற நாக்குப் பிசகு: 'போலீஸ்காரர் அமளியை உண்டாக்க இல்லை, அமளியைக் காப்பாற்றத்தான் இருக்கிறார்.' அவருடைய பத்திரிகைச் செயலர் ஏர்ல் புஷ் நிருபர்களிடம் சொன்னதும் பிரசித்தம்: அவர் சொன்னதைப் போடாதீர்கள், சொல்ல நினைத்ததைப் போடுங்கள்.

ஜனவரி 17

எந்த டேலி என்று குழம்பியவருக்கு: வாகன நிறுத்த மீட்டர்களை 75 வருஷக் குத்தகைக்கு 1.15 பில்லியன் டாலருக்கு 2008-இல் விட்டவரும், 2003-இல் நள்ளிரவில் மெய்க்ஸ் ஃபீல்ட் ஓடுதளத்தை புல்டோசரால் கிழித்தவரும் மகன் ரிச்சர்ட் எம். டேலி. 1989 முதல் 2011 வரை, அப்பாவைவிடச் சில மாதங்கள் கூடுதல். இந்த இழை அப்பாவைப் பற்றியது.

ஜனவரி 18

1975-இல் நியூயார்க் திவால் விளிம்புக்குப் போனபோது சிகாகோவின் பத்திரங்கள் நல்ல தரத்தில் இருந்தன. டேலி கணக்காளர் மூளைக்காரர் என்பது ஒரு பாதிதான். மறுபாதி, சிகாகோ நகராட்சியின் கணக்கில் செலவே குறைவு. பெரிய ஆஸ்பத்திரி கவுண்ட்டியுடையது. பள்ளி, பூங்கா, போக்குவரத்து, கழிவுநீர் எல்லாம் தனித்தனி வாரியங்கள், தனி வரி அல்லது தனி பட்ஜெட். நியூயார்க் இதையெல்லாம் பெரும்பாலும் தன் தலையில் சுமந்தது. வாரியங்களுக்கு ஆள் போடுவது டேலி, கடன் அவர் பெயரில் இல்லை.

பள்ளியில் அது வெடித்தது. ஆசிரியர் வேலைநிறுத்தம் வந்தால் டேலி நடுவில் நுழைந்து ஊதிய உயர்வுக்கு ஒப்புக்கொள்வார், பணம் எங்கிருந்து வரும் என்பது வாரியத்தின் பாடு. 1979 கடைசியில் வாரியத்தால் கடன் வாங்கவும் முடியவில்லை, சம்பளம் போடவும் முடியவில்லை. அப்போது அவர் உயிரோடில்லை.

ஜனவரி 20

விலை என்று சொன்னேனே, அது இது.

1963-இல் அடமௌஸ்கி மேயர் தேர்தலில் எதிர்த்து நின்றபோது வெள்ளை ஓட்டில் பெரும்பகுதி அடமௌஸ்கிக்குப் போனது. டேலியைக் கரையேற்றியவை தெற்கு, மேற்குக் கறுப்பர் வார்டுகள். 1955 பிரைமரியிலும் கறுப்பர் தலைவர், காங்கிரஸ் உறுப்பினர் வில்லியம் டாசனின் வார்டுகள் அவருக்கு அரண். தன்னைக் காப்பாற்றியவர்களுக்கு அவர் நன்றி காட்டியிருக்கலாம். வெள்ளை வார்டுகள் நழுவுகின்றன என்ற பாடத்தை மட்டும் எடுத்துக்கொண்டு வெள்ளையரைத் தாஜா செய்யப் போனார். மேலே எழுதிய முன்கணிப்பு முறையின் ஓட்டை இங்கேதான் இருக்கிறது. எத்தனை ஓட்டு வரும் என்று அது மிகத் துல்லியமாகச் சொல்லும். என்ன மனசோடு வருகிறார்கள் என்று சொல்லாது.

1969 டிசம்பர் 4 விடியற்காலை, டேலி வளர்த்த அரசு வழக்கறிஞர் எட்வர்ட் ஹான்ரஹனின் போலீஸ் பிளாக் பாந்தர் என்ற தீவிரக் கறுப்பர் அமைப்பின் தலைவர் ஃப்ரெட் ஹாம்ப்டனைப் படுக்கையில் சுட்டது. போலீஸ் பக்கம் 80-க்கு மேல் குண்டு, உள்ளிருந்து ஒன்றே ஒன்று. 1972 நவம்பரில் கறுப்பர் வார்டுகள் கட்சி நெம்புகோலை விட்டு ஹான்ரஹனுக்கு எதிராகத் தனியாகக் குத்தின. அவர் தோற்றார். அதே வருஷம் ஜூலையில் ஜனநாயகக் கட்சியின் மயாமி மாநாட்டில் டேலியின் 59 பிரதிநிதிகளை வெளியேற்றிவிட்டு ஆல்டர்மேன் வில்லியம் சிங்கர், ஜெஸ்ஸி ஜாக்சன் அணியை உட்கார வைத்தார்கள்.

அதைவிட முக்கியமானவர் ரால்ஃப் மெட்காஃப். 1936 ஒலிம்பிக் 100 மீட்டரில் ஜெஸ்ஸி ஓவன்ஸுக்கு அடுத்து வந்தவர், 3-ஆம் வார்டின் விசுவாசமான கட்சிக்காரர், காங்கிரஸ் உறுப்பினர். 1972-இல் கறுப்புப் பல்மருத்துவர்களைப் போலீஸ் நடத்திய விதத்தைப் பார்த்து டேலியோடு முறித்துக்கொண்டார். 1976-இல் மெஷின் அவருக்கு எதிராக ஆள் நிறுத்தியது, மெட்காஃபே ஜெயித்தார். அவர் வார்டில் அரசியல் பழகிய ஹரால்டு வாஷிங்டன் 1983-இல் சிகாகோவின் முதல் கறுப்பு மேயர்.

ஜனவரி 20, சேர்க்கை

டேலி மேல் வழக்கே வரவில்லை என்கிறீர்கள். உண்மை. சுற்றியிருந்தவர்கள் மேல் வந்தது: மன்றத்தில் அவர் வலதுகை தாமஸ் கீன், மேலே சொன்ன ஏர்ல் புஷ், இருவருக்கும் 1974-இல் தண்டனை. டேலிக்குப் பணத்தாசை இல்லை என்பதை எதிரிகளும் ஒப்புக்கொள்வார்கள். அதனால் அவர் குற்றமற்றவர் என்று நான் சொல்ல மாட்டேன். கீனுக்கு நிதிக் குழுவைக் கொடுத்தவர் அவர்.

ஜனவரி 22

பனியைப் பற்றி நாலு வார்த்தை. 1967 ஜனவரி 26-27-இல் 23 அங்குலம் கொட்டியது, நகரம் உறைந்தது. ஏப்ரலில் டேலி 70 சதவீதத்துக்கு மேல் வாங்கி ஜெயித்தார். 1979 ஜனவரியிலும் கிட்டத்தட்ட அதே அளவு பனி. மேயர் மைக்கேல் பிலாண்டிக். ரயில்கள் கறுப்பர் பேட்டை நிலையங்களில் நிற்காமல் போயின. அடுத்த மாதப் பிரைமரியில் ஜேன் பைர்னிடம் தோற்றார். பனி மட்டும் காரணமில்லை, நிற்காமல் போன ரயில் காரணம்.

ஜனவரி 23

கடைசி நாள் கேட்டிருந்தீர்கள்.

1976 டிசம்பர் 20, திங்கள். காலையில் துறைத் தலைவர்களோடு கிறிஸ்துமஸ் விருந்து. அயர்லாந்து போய்வர அவருக்கும் மனைவிக்கும் விமான டிக்கெட் பரிசாகக் கொடுத்தார்கள். பிறகு தென்கிழக்கு மூலையில் மான் பூங்காவின் புது உடற்பயிற்சிக் கூடத்தைத் திறந்துவைத்து, கூடைப்பந்தை எறிந்தார், விழுந்தது. அங்கிருந்து மிச்சிகன் அவென்யூவில் டாக்டரிடம். அங்கேயே மாரடைப்பு. வயது 74.

மேயர் இறந்தால் அடுத்து யார் என்று சட்டத்தில் தெளிவில்லை. மன்றத்தின் தற்காலிகத் தலைவர் 34-ஆம் வார்டு ஆல்டர்மேன் வில்சன் ஃப்ராஸ்ட், கறுப்பர். நானே தற்காலிக மேயர் என்று அறிவித்துவிட்டு, ஊர் 'ஐந்தாம் மாடி' என்று சொல்லும் அந்த அலுவலகத்துக்குப் போனார். கதவு பூட்டியிருந்தது. போலீஸ் காவல். சாவி கிடைக்கவில்லை என்றார்கள்.

ஒரு வாரத்தில் பேரம் படிந்தது. ஃப்ராஸ்ட்டுக்கு நிதிக் குழு. மேயர் நாற்காலி டேலியின் சொந்த 11-ஆம் வார்டு ஆல்டர்மேன் பிலாண்டிக்குக்கு. கட்சித் தலைவர் நாற்காலி ஜார்ஜ் டன்னுக்கு. இரண்டும் ஒரே ஆளிடம் 21 வருஷம் இருந்தன. அதற்குப் பிறகு ஒருமுறைகூட இல்லை, மகன் காலத்திலும் இல்லை.